கோடியக்கரை போகிறீர்களா? ராத்தங்கலை முதலில் முடிவு செய்யுங்கள்

மானும் பறவையும் பார்க்கக் கோடியக்கரைக்குக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் வேளாங்கண்ணியில் அறை போட்டுவிடுகிறார்கள். அங்கே விடுதிகள் ஏராளம், மாதா கோயிலையும் பார்த்துவிடலாம், பிள்ளைகளுக்குக் கடற்கரை இருக்கிறது. எல்லாம் சரி, மானையும் பறவையையும்தான் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இட்லி சாப்பிட்டு எட்டு மணிக்குக் கிளம்பி, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓட்டி, ஒன்பதரைக்குக் காட்டு வாசலில் இறங்கினால் வெளிமான்கள் நிழலுக்குள் ஒதுங்கியிருக்கும். உப்பளத்துப் பக்கம் கானல் ஓடத் தொடங்கியிருக்கும். தூரத்தில் நிற்கும் பூநாரை (ஃபிளமிங்கோ) கூட்டம் வெள்ளைத் துணி நடுங்குகிற மாதிரி தெரியும், அவ்வளவுதான். "ஒண்ணுமே இல்லீங்க, நாலு குதிரையும் கொரங்கும்தான்" என்று சொல்லிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவார்கள்.

காட்டின் மேல் குற்றமில்லை. ராத்திரி எங்கே படுத்தோம் என்பதில்தான் கோளாறு.

முதலில் ஒரு விஷயம். கோடியக்கரையைத் தேசியப் பூங்கா என்று சிலர் சொல்கிறார்கள். அது 1967-இல் வெளிமானைக் காப்பதற்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2002-இல் வேதாரண்யம் சதுப்பு, தலைஞாயிறு காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்து ராம்சர் ஈரநிலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும் ஆனது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதுமலை மாதிரி வரவேற்பு மையம், மணிக்கு ஒரு வண்டி, சுற்றிலும் நூறு ரிசார்ட் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே திண்டாடிப்போவார்கள். ஒரு மீனவ ஊர், ஒரு காடு, ஒரு சதுப்பு, பத்துப் பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோயில் ஊர்: இவ்வளவுதான் இடம். தங்க இருக்கிற வழிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எந்த மாதம் போகிறீர்கள், எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்தால் தங்குமிடம் பாதி தானாக முடிவாகிவிடும். நீர்ப்பறவைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வெளிமானுக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. பறவை பார்க்கிறவருக்குக் காலை முதல் இரண்டரை மணி நேரம் பொன் மாதிரி. டிசம்பர் கடைசியில் சூரியன் ஏறக்குறைய 6.25-க்குக் கிளம்புகிறது, அதற்குக் கால் மணி முன்பே சதுப்போரம் நிற்க வேண்டும். மான் பார்க்கிறவருக்குக் காலையும் உண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேலும் உண்டு. ஆனால் ஜூனில் 5.50-க்கே விடிந்துவிடும். ஒன்பது மணி வெயிலில் மானும் நிற்காது, நீங்களும் நிற்க மாட்டீர்கள்.

பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியான ஊர் அந்தக் கோயில் ஊரான வேதாரண்யம். பேருந்து நிலையத்தையும் கோயிலையும் ஒட்டி லாட்ஜுகள் இருக்கின்றன. சொகுசு எதிர்பார்க்கக்கூடாது, சுத்தம் எதிர்பார்க்கலாம். விடியற்காலையிலேயே டீக்கடை திறந்திருக்கும், மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம். எல்லாம் நடக்கிற தூரம். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகக் கோடியக்கரைக்கு ஒரே சாலை, விடியற்காலையில் இருபது நிமிஷம். அந்தச் சாலையிலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சதுப்பும் உப்பளமும் சாலைக்கு மேற்கே கிடக்கின்றன. காலையில் மேற்கே பார்த்து நின்றால் வெயில் உங்கள் முதுகில், பறவையின் முகத்தில். பூநாரையின் இறக்கைச் சிவப்பு அப்போதுதான் தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல். ஆகவே காலை சதுப்பு, மாலை காடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வேதாரண்யம் லாட்ஜுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. ராத்திரி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். காலை ஐந்து மணிக்கு நீங்கள் பை, பைனாகுலர் எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினால் காவல்காரர் உள்ளே எங்கேயோ தூங்கிக்கொண்டிருப்பார். அவரைத் தேடி எழுப்பி, அவர் சாவியைத் தேடி, ஷட்டரைத் தூக்குவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். அதனால் அறை கேட்கும்போதே பேச வேண்டியது இது:

"அண்ணே, ராத்திரி கேட்டு பூட்டிருவீங்களா?"

"பத்தரைக்குப் பூட்டிருவோம் தம்பி."

"காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும். யாருண்ணே தொறப்பா?"

யார் திறப்பார் என்று ஒரு பெயர் கிடைத்தால் போதும். முதல் நாள் ராத்திரியே அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுங்கள்.

அடுத்து நேரக் கணக்கு. எங்கள் பக்கத்து லாட்ஜுகளில் பாதி 24 மணி நேரக் கணக்கு, பாதி மதியம் 12 மணிக் கணக்கு. 24 மணி நேரக் கணக்கென்றால் மதியம் இரண்டு மணிக்கு அறை எடுங்கள். அன்று சாயங்காலம் காடு, மறுநாள் காலை சதுப்பு, பத்து மணிக்குத் திரும்பிக் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு இரண்டு மணிக்குக் காலி செய்யலாம். ஒரே நாள் வாடகையில் இரண்டு பொழுதும் கிடைத்துவிடும். மதியம் 12 மணிக் கணக்கென்றால் திரும்பி வருகிற நேரத்தை இழுக்காதீர்கள். பத்து நிமிஷம் தாண்டினாலும் அடுத்த நாள் வாடகை கேட்கிற இடங்கள் உண்டு.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது கடைமடை. காவிரி இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் மெலிந்துவிடும், நிலத்தடி நீரோ பல இடங்களில் உப்பு. குழாயைத் திறந்து கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள். நுரைக்காமல் வெள்ளையாகப் பிசுபிசுத்தால் அது போர்த் தண்ணீர். குளிக்கலாம், ஆனால் தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும். குடிக்கவும் பல் விளக்கவும் கேன் தண்ணீர்தான். நாலு பேர் ஒரு ராத்திரி, ஒரு காலை தங்க 20 லிட்டர் கேன் ஒன்று சரியாக இருக்கும். காட்டுக்குள் போகும்போது ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், கோடைக்கு இரண்டு.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். அறையைப் பார்க்கும்போது கட்டிலையும் டிவியையும் பார்க்காதீர்கள், ஜன்னல் கொக்கியைப் பாருங்கள். துருப்பிடித்து ஒடிந்த கொக்கி என்றால் வாடைக் காற்றில் ஜன்னல் ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஜன்னலில் கொசுவலையும் ஓரத்தில் பிய்ந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. இரண்டு மீட்டர் நைலான் கயிறு பையில் இருந்தால் ஜன்னலையும் கட்டலாம், ஈரத்துண்டையும் போடலாம். துண்டு காயாது என்பது வேறு விஷயம். ஈரக்காற்றில் மழைக்காலத்தில் இங்கே எதுவும் ஒரே ராத்திரியில் காய்வதில்லை, மாற்றுத் துணி ஒரு செட் கூடுதலாக எடுத்து வாருங்கள்.

ஏ.சி. அறை எடுக்கிறவர்களுக்கு: கேமராவையும் பைனாகுலரையும் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த அறையில் வைத்திருந்து, விடியற்காலை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி பனிக்கும், தெளிய இருபது நிமிஷம் ஆகும். பூநாரை பறந்துபோக இரண்டு நிமிஷம் போதும். நாலு மணிக்கு ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அல்லது பையை ஜிப் போட்டு மூடி வெளி வராந்தாவில் வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஏ.சி. இல்லாத அறையே போதும். காசும் மிச்சம், கண்ணாடியும் தெளிவு.

எந்தத் தேதியில் அறை கிடைக்கும் என்பதற்கு இணையத்தைவிடத் தினசரி நாட்காட்டி நம்பகமானது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடலாட வருகிற கூட்டத்தில் அறையும் இருக்காது, காடும் அமைதியாக இருக்காது. மாசி மகத்துக்கும் அதே கதை. வளர்பிறை முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் லாட்ஜை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். நீங்கள் வருகிற நாள் முகூர்த்தமா என்று பார்த்துவிட்டு போன் செய்யுங்கள். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அந்த நாட்களிலும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்திலும் வேளாங்கண்ணியில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை வானத்தில் இருக்கும். நாகூர் கந்தூரி சமயத்தில் நாகப்பட்டினமும் நிறைந்துவிடும்.

கோடியக்கரையிலேயே தங்குவது இன்னொரு வழி. வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. அனுமதி நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். நேரே போய்க் கதவைத் தட்டினால் கிடைக்காது. யார் யார் வருகிறார்கள், எத்தனை பேர், வண்டி எண், அடையாள அட்டை நகல் எல்லாம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கடற்கரைப் பாதுகாப்புக் காரணமாக இந்தப் பக்கத்தில் சோதனையும் விசாரணையும் சாதாரணம், அட்டை இல்லாதவர் ஒருவர் இருந்தாலும் எல்லோரும் நிற்க வேண்டி வரும். அரசு ஓய்வில்லம் எங்கும் உள்ள வழக்கம் ஒன்று: அலுவல் விஷயமாக யாராவது வந்தால் முன்னுரிமை அவர்களுக்கே. கையில் அனுமதிக் கடிதம் இருந்தாலும், கிளம்புகிற அன்று காலை ஒரு போன் போட்டு உறுதி செய்யுங்கள். வேதாரண்யத்தில் ஒரு லாட்ஜ் எண்ணும் பையில் இருக்கட்டும்.

அங்கே தங்கினால் கிடைப்பது இருட்டும் நிசப்தமும். விடிவதற்கு முன்பே காட்டின் சத்தம் காதில் விழும். வண்டி எடுக்காமலே புல்வெளிப் பக்கம் போய்விடலாம், காவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு. கிடைக்காதது மற்ற எல்லாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சாப்பாடு தேடாதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், காய், முட்டை வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொண்டு, சமைத்துத் தருவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடி சீசன். வெளியூர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள், காலையில் கரையிலேயே மீன் கிடைக்கும். ஆனால் அந்த மாதங்களில் ஊரும் சாலையும் ஐஸ் லாரியும் மீன் வண்டியுமாக இருக்கும். அமைதி மட்டும்தான் வேண்டும் என்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரங்கு! பால்கனியில் துணி காயப்போட்டுவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போகக்கூடாது. கையில் பிளாஸ்டிக் பை தொங்கினாலே அது தின்பண்டம் என்பது அவற்றின் முடிவு. சாப்பாட்டை ஜிப் வைத்த துணிப்பைக்குள் வையுங்கள், முதுகில் மாட்டுங்கள். குழந்தை கையில் வாழைப்பழம் கொடுத்து வெளியே அனுப்பாதீர்கள்.

மின்சாரம் போனால் வருவதற்கு நேரமாகும். காற்றடிக்கிற ராத்திரியில் முதலில் இருட்டாகிறது இந்தக் கடைசி ஊர்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரை கடந்தது. காட்டில் எத்தனையோ பழைய மரங்கள் அன்று சாய்ந்தன, முன்பிருந்த நிழல் இன்னும் முழுக்கத் திரும்பவில்லை. அதனால் கோடையில் குடையும் தொப்பியும் வேண்டும், எந்தக் காலத்திலும் டார்ச் லைட் ஆளுக்கொன்று வேண்டும். டார்ச் இருட்டுக்கு மட்டுமல்ல, ராத்திரி செருப்பு மாட்டும்முன் தரையில் வெளிச்சம் அடித்துப் பூச்சி பொட்டு இருக்கிறதா என்று பார்க்கவும்தான்.

வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் இரண்டையும் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. வயதானவர்கள் கூட வருகிறார்கள், லிஃப்ட் வேண்டும், மேற்கத்திய கழிப்பறை வேண்டும், பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்றால் அங்கே தங்குவதுதான் சரி. அப்படியானால் காலை நாலரைக்குக் கிளம்ப மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் போதுமே என்று வரைபடம் சொல்லும். தை மாசியில் வரைபடத்தை நம்பாதீர்கள். சம்பா அறுவடை நேரத்தில் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும், ராத்திரியில் அதைக் குவித்து மேலே தார்ப்பாய் மூடிச் சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். விளக்கில்லாத டிராக்டரும் அறுவடை இயந்திரமும் நடுச்சாலையில் ஊர்ந்து போகும். மேலே மார்கழி, தைப் பனி. அந்த இருட்டில் 40-க்கு மேல் ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை, ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்குத் திருத்துறைப்பூண்டி நல்ல நடுவிடம். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரலில் மறுபடி ஓடத் தொடங்கியது. வண்டிகள் குறைவு, விடியற்காலைப் பறவைக்கு அதை நம்ப முடியாது. திருத்துறைப்பூண்டியில் தங்கினால் மறுநாள் காலை 35 கிலோமீட்டர் போய் வேதாரண்யம், பிறகு காடு. அதற்கு முதல் நாளே வேதாரண்யம் போய்விடுவது மேல். தஞ்சாவூரில் தங்கிக்கொண்டு கோடியக்கரை பார்த்துவரலாம் என்பது வீண் ஆசை. தஞ்சாவூரில் தங்குகிறவர்கள் 25 கிலோமீட்டரில் உள்ள வடுவூர் ஏரிக்குப் போகலாம், அது காலை நடைக்குள் முடிகிற வேலை.

எங்கே தங்கினாலும் வண்டியோடு வருகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். சதுப்போரத்தில் வெள்ளையாக, வெடித்து, சிமெண்ட் தளம் போல இறுகித் தெரிகிற இடத்தில் காரை இறக்காதீர்கள். மேலே ஒரு விரல்கடைப் பொருக்கு, அதற்குக் கீழே கருஞ்சேறு. முன்சக்கரம் பொருக்கை உடைத்ததும் முடுக்கினால் இன்னும் இறங்கும், அச்சு வரை போய்விடும். ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள். இரண்டு அங்குலத்தில் நின்றால் சரி, வழுக்கிக்கொண்டு போய், எடுக்கும்போது நுனியில் கறுப்பாக ஒட்டினால் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம். இழுக்க டிராக்டர் வர அரை நாள் ஆகும், அறை வாடகையைவிட அது அதிகம் கேட்கும். உப்பளத்து வரப்புகள் தொழிலாளிகளின் நடைபாதை, வண்டிக்குப் போட்டதல்ல. கேட்காமல் ஏறவும் கூடாது.

ஒரு ராத்திரியா இரண்டா? மான் மட்டும், அல்லது பறவை மட்டும் என்றால் ஒன்று போதும். இரண்டும் வேண்டுமென்றாலும் மேலே சொன்ன மதியம்-மாலை-காலைக் கணக்கில் ஒன்றிலேயே முடிக்கலாம். நவம்பரில் வருகிறவர்கள் மட்டும் இரண்டு ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு காலை நிச்சயமாக மழைக்குப் போய்விடும். அந்த மாதத்தில் முன்பணம் முழுதாகக் கட்டாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் காட்டுக்குள் விட மாட்டார்கள், விடக்கூடாதும்தான். கனமழை பெய்து சதுப்பில் தண்ணீர் ஏறினால் பூநாரைகள் சிதறிவிடும். அவற்றுக்குக் கால் ஊன்றி நின்று மேய்கிற ஆழம் வேண்டும். தையில் தண்ணீர் இறங்கும்போது மறுபடி கூடும். மழை ஓய்ந்த வாரங்களில் போன் போட்டு, "தண்ணி எறங்கிருச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகப் போகிறவர்கள் செய்வது.

இரண்டாவது ராத்திரியை முத்துப்பேட்டைக்குக் கொடுக்கலாம். அலையாத்திக் காட்டுக்குப் படகு ஜாம்பவானோடையிலிருந்து கோரையாற்றில் போகிறது. வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும், காலையில் போய்க் கேட்டால் அன்றைக்கு நடக்காமல் போகலாம். வேதாரண்யத்திலிருந்து விடியற்காலை கிளம்பி வருவதைவிட, முதல் நாள் இரவே முத்துப்பேட்டையில் அல்லது திருத்துறைப்பூண்டியில் தங்கிவிடுங்கள். ஆறு போய்ச் சேர்கிற காயலில் ஆழம் குறைவு, நீர் வற்றிய நேரத்தில் படகு தரைதட்டும். எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதைப் படகுக்காரர் சொல்கிறபடி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் காலைச் சாப்பாட்டுக்காக அதை மாற்றச் சொல்லாதீர்கள். போக வர அரை நாள். படகில் கழிப்பறை கிடையாது, ஏறும்முன் லாட்ஜிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். குடை எடுத்தும் பயனில்லை, காயல் திறக்கிற இடத்தில் காற்று பிடுங்கிவிடும். தொப்பிதான், அதுவும் தாடைக்குக் கீழே நாடா கட்டியது.